பனங்கை

செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழி.
இடம் தப்பென்று கொத்தனார் மிக்கேல்
கிழக்கே நகர்ந்துவிட்டார்.
எனக்கு மூட மனசில்லை.

பழைய சேலைகள் அடியில், மேலே தார்ப்பாய்,
அதற்கும் மேலே குறுமணல்.
குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை.
ஐப்பசி வரை பொறுத்தேன்.
மொட்டைமாடித் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பியதும்
ஒரே ராத்திரியில் நிறைந்தது.

"கொசு வளக்கியளோ?" என்றாள்
பக்கத்து வீட்டு கிரேனாப்.
வேய்ந்தான்குளத்தில் ஒரு தூக்குவாளி
கெண்டைக்குஞ்சு அள்ளிவந்து விட்டேன்.
மாநகராட்சி ஆள் டார்ச் அடித்துத் தேடினார்,
ஒரு புழு இல்லை,
மோர் குடித்துவிட்டுப் போனார்.

தவளைகளை யாரும் கொண்டுவரவில்லை.
விடிய விடியக் கத்தின.
இவருக்கு மில்லில் நைட் ஷிப்ட்.
கேட்டது நான் மட்டும்.

மாசியில்
ஒரு அணில்பிள்ளை மிதந்தது.
தார்ப்பாயின் பாசியில் சுற்றிலும் நகக்கீறல்,
ஒரு சுற்று முடிந்த இடத்தில் அடுத்த சுற்று.
கரை அவ்வளவு செங்குத்து.
கொத்தனார் வெட்டியது என்று சொல்லலாம்தான்.

அன்றே விறகுக்கடையில் ஒரு பனங்கை வாங்கி
பாதி தண்ணீரிலும் பாதி தரையிலுமாகச் சாய்த்தேன்.

மீனில் பாதி மீன்கொத்திக்கு.
பாசியை வழித்தால்
ஒரு ராத்திரி கரையிலேயே போட்டுவைக்கிறேன்,
உள்ளே சிக்கிய தட்டான் குஞ்சுகள்
ஊர்ந்து திரும்பட்டும் என்று.

இன்று காலை பனங்கையில் ஈரத் தடம்,
தண்ணீரிலிருந்து முருங்கை மூடு வரை.
நாலு விரலா அஞ்சு விரலா என்று
நான் குனிவதற்குள்
பெருமாள்புரத்து வெயில்
குடித்துவிட்டது.