இருநூற்றுப் பன்னிரண்டு

விடியுமுன் கொம்பு ஊதினால்
தெப்ரே பிர்ஹானில் யாரோ போய்விட்டார் என்று பொருள்.
அந்தச் சத்தத்துக்கு எழும் என் தாத்தா
இருட்டில் முதலில் தடவுவது சட்டையை அல்ல,
சாவியை.

இதிர் என்போம் எங்கள் ஊரில்.
மாதம் வீட்டுக்கு ஒரு சிறுதொகை.
சாவு விழுந்தால் கூடாரம், பெஞ்சு, அண்டா, காப்பிக் கோப்பை,
கூடவே உட்கார ஆட்கள்.
ஆட்கள் தவிர மற்றதெல்லாம் கிடக்கும் தகரக் கொட்டகைக்கு
முப்பத்தொரு வருஷம் காவல்
ஷுமெத் கெப்ரே,
கொரியாவுக்குப் போய்வந்த சிப்பாய்,
இடது காலில் மூன்றே விரல்.

மிச்ச இரண்டையும்
பெயர் வாயில் நுழையாத ஒரு மலையில்
பனி எடுத்துக்கொண்டது.
கேட்டால், "வாடகைக்கு விட்டிருக்கிறேன்" என்பார்.

சண்டையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.
டப்பாவில் வந்த பீச் பழம்,
புசான் துறைமுகத்தில் மீன் விற்றவள்
இவர் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது,
அவ்வளவுதான்.
ஒன்றை மட்டும் ஒரு சொல் மாறாமல் சொல்வார்:
"போனவர்களை எண்ணினோம். திரும்பியவர்களை எண்ணினோம்.
செத்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தோம்.
கணக்கு நேராகும்வரை யாரும் இறங்கவில்லை."

பிறகு ஆட்சி மாறியது.
அந்தப் போருக்குப் போனதே குற்றமாயிற்று.
பதக்கம் தெஃப் மாவுப் பானைக்குள் போனது.
ஒருநாள் இஞ்சேராவுக்குக் கரைத்த மாவில்
ரிப்பனோடு வந்து விழுந்ததாம், அம்மா சொல்வாள்.
துடைத்து, மறுபடி பானைக்குள் அழுத்தினாராம்.
மேல்கோட்டை ஒளிக்கவில்லை. வெட்டினார்.
கூடாரத்துக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார்.
எத்தனையோ மழைநாள் சாவுகளில்
ஊரே அந்தக் கோட்டின் முதுகுக்கு அடியில்
நனையாமல் அழுதிருக்கிறது.

ஒருமுறை பேருந்து நிலையத்தில்
லாரியிலிருந்து இறங்கிய ஒருவன் சுருண்டு விழுந்தான்.
ஊரில்லை, பேரில்லை.
"சந்தா கட்டாதவன்" என்றது கமிட்டி.
தாத்தா அதற்குள் கூடாரக் கழிகளைத் தோளில் ஏற்றியிருந்தார்.
நோட்டில் பெயருக்கான இடத்தில்
'நீலச் சட்டை' என்று எழுதியிருக்கிறது.

தங்கமான மனிதர் என்கிறார்கள் எல்லோரும்.
கோப்பை விஷயத்தில் இல்லை.
பச்சை விளிம்பு வைத்தவை, இருநூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் நாள் கூடாரம் அவிழ்க்குமுன்
துக்க வாசலிலேயே குந்தி எண்ணுவார்.
விம்மிக்கொண்டிருப்பவளிடம்கூட
"கையிலிருப்பதைக் கொடும்மா" என்று நீட்டுவார்.
யெஷிமெபெத்தின் புருஷன் போன வாரம் ஒன்று குறைந்தது.
அதற்குப்பின் பதினோரு வருஷம்
ஒவ்வொரு சாவின் கீழும் ஒரே வரி:
'211. ஒன்று வரவேண்டும்.'

இந்த முறை கொம்பு பாதியில் நின்றது.
தாக்னாச்சுக்கு மூச்சு வரவில்லை.
சாவி அவர் கழுத்திலேயே கிடந்தது.
எடுக்க ஒருவருக்கும் கை எழவில்லை; நான் எடுத்தேன்.
இடது காலணிக்குள் வழக்கம்போல
பஞ்சு திணித்தாள் அம்மா.

மூன்றாம் நாள் வாசலில் குந்தினேன்.
பத்துப் பத்தாய் அடுக்கினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
கலைத்து மறுபடி அடுக்கினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றுக்கு மட்டும் விளிம்பு நீலம்,
அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு பாதி உரிந்திருந்தது.

பெஞ்சு மடக்கிக்கொண்டிருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தேன்.
எல்லோருக்கும் திடீரென்று வேலை இருந்தது.

அவராயிருந்தால் ஒப்புக்கொள்ளமாட்டார்.
"இது நம்முடையதல்ல" என்று
மூன்று விரல் காலோடு கதவு கதவாய்த் தட்டியிருப்பார்.

நோட்டில் அவர் பெயரை எழுதிவிட்டேன்.
கீழே எண்ணை இன்னும் எழுதவில்லை.
கோப்பை என் பையில் இருக்கிறது.
நாளைக்குக் கம்பளி ஆலைத் தெருவிலிருந்து
ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.