கவிழ்த்த வகுப்பு

ஒன்பது நிமிடம், பதினொரு விநாடி.
நாளைய பாடத்தை இன்றிரவே குரலாக்கி
வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.
நடுவில் குக்கர் இரண்டு தரம் கத்தும்,
பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன்.
இனி விளக்கம் வீட்டில்,
சண்டை மட்டும் வகுப்பில்.

செயலமர்வில் தந்த தாளில் இதன் பெயர்
கவிழ்த்த வகுப்பறை.
பலகையில் எழுதியதும்
திருக்கடலூர் விதுர்ஷன் எழும்பினான்:
"அந்தச் சொல்லை அழியுங்கோ டீச்சர்,
அப்பா கடல்ல நிக்கிறார்."
அழித்தேன்.
பெயரில்லாமல் தொடங்கியது.

யார் யார் கேட்டீர்கள்?
சீனக்குடா பஸ்ஸில்
ஒரு காதில் அக்கா, மறு காதில் தங்கச்சி.
ஐஸ் தொழிற்சாலை இரவு வேலையில் அபிசாந்;
"நீங்க அழுத மாதிரி இருந்தது டீச்சர்."
இல்லையடா, அது குக்கர்.
கிண்ணியாப் பாலத்தில் சிக்னல் போய்
ஆறாம் நிமிடத்தோடு நஸ்ஃபாவுக்குப் பாடம் முடிந்தது.
டேட்டா இல்லாத இரண்டு பேர்
வாசலில் கொப்பி உறையைத் தின்னும் மானைப் பார்த்தபடி
கேட்டவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு பழையது. நெய்தல்.
கரையில் ஒருத்தி, போனவன் வரவில்லை.
இருபத்திரண்டு வருடமாக என்னிடம் ஒரே விடை:
இரங்கல். அடிக்கோடு. நான்கு புள்ளி.

நஸ்ஃபாதான் சொன்னாள்:
"அவ அழல்ல டீச்சர்.
எந்த வரியில அழுறா, காட்டுங்க.
அவ எண்ணுறா.
போன தோணி எத்தனை, வந்த தோணி எத்தனை.
இறங்குதுறையில எங்கட உம்மாவும் அப்படித்தான்,
எண்ணி முடியுமட்டும் அழ ஏலாது."

மேசைகள் இழுபட்டன.
அழுகிறாள் என்றவர்கள் ஜன்னல் பக்கம்,
எண்ணுகிறாள் என்றவர்கள் கதவுப் பக்கம்,
விதுர்ஷன் இரண்டிலும் சேராமல்
நடுவில், கதிரையில்லாமல்.
நான் கடைசி வாங்கில் இருந்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
பலகையில் என் எழுத்து
இவ்வளவு சிறியதென்று தெரியாது போயிற்று இத்தனை காலம்.

ஆறாம் நிமிடத்துக்குப் பிறகு
அப்படி என்னதான் சொன்னேன்?
ஓட்டிக் கேட்டேன்.
இரங்கல் என்ற சொல் அங்கேதான் வருகிறது.
அது பாலத்துக்குக் கீழே விழுந்திருக்கிறது.

மணி அடித்த பிறகு விதுர்ஷன் வந்தான்.
"கரையில எண்டா கவிழ்க்கலாம் டீச்சர்.
ஓட்டை பார்க்க அப்படித்தான் போடுவம்.
கடல்லதான் சொல்லக்கூடாது."
அவன் அப்பா வந்துவிட்டாரா என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
போனை எடுத்துக்கொண்டு
துறைப்பக்கம் ஓடினான்.

இன்றிரவு அடுத்த பாட்டு.
ஐந்தாம் நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.
குக்கர் ஒருதரம்தான் கத்தியது.