கீறல்

லீக்கின் பெயர்கள், முகங்கள், சட்டை எண்கள்
எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்கு
வளைத்துவிட்டது பெரிய கம்பெனி.
ஓவுலு நகரில் நாங்கள் ஒன்பது பேர்.
மிச்சமிருந்தது பனித்தரை மட்டும்.

ரௌனோ அதைத்தான் எழுதினான்:
சறுக்குக் கத்தி கீறிய தடம்
இடைவேளை வரை அழியாது.
கடைசி நிமிடங்களில்
வட்டு அதில் தட்டித் தடுமாறும்.

எண்ணூறு பிரதி விற்றது.

மறு நவம்பர் அவர்கள் விளம்பரத்தில்
அதே கீறல்,
பதிவுசெய்த புதுப்பெயரோடு.
வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை.

ரௌனோ கடனட்டையில் வாங்கி
இரவெல்லாம் ஆடினான்.
விடிய நாலு மணி நேரம் இருக்க
போன் அடித்தான்:

"இடது மூலையில் வட்டு
சுவருக்குள் புகுந்து காணாமல் போகுது.
நான் திருத்தத் திருத்த மசியாத பிழை.
அதையும்
எடுத்துட்டுப் போயிருக்காங்க."

சிரிக்கிறானா என்று
கேட்க முடியவில்லை.
ஆட்டம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.