எர்த்

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, மாடி அறை.
மணி பதினொன்று. சுவர் இன்னும் சுடுகிறது.

டச்பேடைத் தொட்டால் ஒரு பக்கம் ஓடுகிறது அம்பு.
தொடாவிட்டாலும் ஓடுகிறது,
கேட்காததைத் திறந்து
பாதி எழுதியதை மூடி.

கீபோர்டை மட்டும் நம்பி டெர்மினலில் இறங்கினேன்.
டிரைவரைக் கழற்றி மாட்டினேன்.
கர்னலைப் பழையதாக்கினேன்.
லாகில் ஆயிரம் வரி, ஒன்றிலும் குற்றமில்லை.
லினக்ஸைத் திட்டினேன்.
அந்நேரத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
இருட்டில் திரை மட்டும்.
அம்பு
விரல் போன வழியே போனது.

கரண்ட் வந்தது, மறுபடி ஆட்டம்.
சார்ஜரைப் பிடுங்கினால் அடக்கம்.
மாட்டினால், மணிக்கட்டில் எறும்பு ஊர்கிற கூச்சம்.
மூன்று வாரமாய் அதை
வியர்வை என்றிருந்தேன்.

காலையில் மீட்டர் பெட்டிக்குக் கீழே
சிமென்ட் மூடியைத் தூக்கினேன்.
கரியும் உப்பும் போட்ட எர்த் குழி
பாலாறு மாதிரி கிடந்தது.

இரண்டு குடம் ஊற்றினேன்.
"லாரியே வரல, லேப்டாப்புக்கா தண்ணி?"
ஹவுஸ் ஓனர் எஸ்தர் சுகந்தி.
ஆமாங்க என்றேன்.
மண் குடிக்கிற சத்தத்தை
இருவரும் கொஞ்ச நேரம் கேட்டோம்.

இன்னும் லேசாகத் துள்ளுகிறது.
சாயங்காலம் இன்னொரு குடம்,
அவர் பார்க்காதபோது.