நான்கு நுனிகள்

திங்கள் முதல் சனி வரை
தையல் அறையில் போடுகிற முடிச்சைத்தான்
ஞாயிற்றுக்கிழமை அணைக்கரையிலும் போடுகிறேன்.
கோலிலிருந்து வருகிற தடித்த நரம்பு,
அடித்தண்ணீருக்குப் போகிற மெல்லிய நரம்பு,
இரண்டையும் பக்கம் பக்கமாகக் கிடத்தி
ஒரு வளையம்.
அதற்குள் இரண்டு முறை நுழைத்து,
இரண்டு போதாது, நைலான் நன்றிகெட்டது, மூன்று முறை நுழைத்து,
எச்சில் தொட்டு
நான்கு நுனியையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும்.
இருப்பது இரண்டு கை.
மீதிக்குப் பல்.

ஆஸ்பத்திரியில் எச்சில் கிடையாது, சலைன்.
அங்கே வால் இரண்டையும்
அரிசி நீளத்துக்கு வெட்டிவிடுவோம்.
இங்கே மெல்லியதன் வாலை மட்டும் வெட்டி
தடித்ததன் வாலை ஒரு சாண் விடுகிறேன்.
அந்த ஒரு சாண்தான் கிளை.
அதன் முனையில் சேவல் இறகில் கட்டிய பூச்சி.
கீழே, கடைசிக் கொக்கியில், மைதா உருண்டை.
மேல்தண்ணீரில் அவசரப்படுகிறவனுக்கு ஒன்று,
அடியில் யோசித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்று.

கே.ஆர்.பி. அணைக்குப் பின்னால்
பாசி திரண்டு பச்சையாகக் கிடக்கிற ஒரு வளைவு.
மீன்கடை எண்ணெய் வாசனை
காற்று திரும்பினால் மட்டும் வரும்.
தூண்டிலோடு ஒரு பொம்பளையா என்று
பைக்கை நிறுத்திப் பார்த்தவர்கள்
மூன்றாம் வாரத்திலிருந்து நிறுத்துவதில்லை.

"சிஸ்டர்தானே?"
கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது.
முகங்களை நான் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.
இடது உள்ளங்கை,
ஆயுள் ரேகைக்குக் குறுக்கே ஏழு கறுப்பு முடிச்சு.
திம்மராயன். ஜெகதேவி பக்கம் கல் குவாரி.
பாறையைக் கட்டியிருந்த இரும்புக் கயிறு
அறுந்து வீசியது.
மரத்துப்போக ஊசி போட்டபோது
வலிக்குமா என்று அவன் கேட்கவில்லை,
சீட்டில் எத்தனை நாள் எழுதுவீர்கள் என்றான்.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தான்.
"பத்து நாளு ஆச்சு. போக வர பஸ்ஸு, ஒரு நாள் கூலி.
கத்தரி வெச்சிருக்கீங்களே,
இங்கயே பிரிச்சு உட்டுடுங்க."
செதில் ஒட்டிய கத்தரி.
முடியாது, நாளைக்கு ஓ.பி.க்கு வா என்றேன்.
"நீங்க போட்டதுதானே?"
அதனால்தான் என்றேன்.
அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

அப்போது கிளை துடித்தது.
கையகல ஜிலேபி ஒன்று
இறகை விழுங்கிப் பக்கவாட்டில் ஓட,
அதைப் பார்த்தோ என்னவோ
அடியில் ஒரு கனம் மாவைக் கவ்விக்கொண்டு
எதிர்ப்பக்கம் திரும்பியது.
ஒரே நரம்பில் இரண்டு உயிர், இரண்டு திசை,
நடுவில் என் முடிச்சு.
திம்மராயன் எழுந்து நின்றான்,
ஆனால் கோலைப் பிடுங்க வரவில்லை.
அதற்காகவே அவனை எனக்குப் பிடித்தது.

சட்டென்று கோல் நிமிர்ந்தது.
சுற்றி இழுத்தேன்.
ஜிலேபி இருந்தது.
கீழ்நரம்பு இல்லை, முடிச்சும் இல்லை.
கிளையே இப்போது நரம்பின் கடைசி.
முடிச்சு இருந்த இடத்தில்
பன்றிவாலாய் ஒரு சுருள்.
நரம்பு அறுந்திருந்தால் நேராக இருக்கும்.
சுருண்டிருந்தால் நழுவியது.

அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.
சுருளைப் பார்த்தான்,
தன் உள்ளங்கையைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் ஒன்றும் சொல்லாமல்
ஜிலேபியைக் கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தேன்.
வலது கையால் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை, பதினொன்றரை, டோக்கன் நாற்பத்தாறு.
ஏழில் ஆறு ஏற்கெனவே இல்லை.
சவர பிளேடு. சுத்தமாகத்தான் வெட்டியிருந்தான்.
"நடு ஒண்ணை மட்டும் உட்டு வெச்சேன்.
நிக்குதா பாருங்க."

இடுக்கியால் பிடித்து இழுத்தேன்.
தோல் கூடாரமாக எழும்பியது.
முடிச்சு அசையவில்லை.
இன்னொரு முறை இழுத்தேன்,
தேவையில்லாமல்.
"வலிக்குது சிஸ்டர்" என்றான்.

பிறகுதான் வெட்டினேன்.