நாடாவின் மிச்சம்

லாரி வராத கால்மணி நேரத்தில்
காஹாங் ஆலை எடைமேடையில்
பின்தகட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.
பூச்சியம்.
பத்துக் கிலோவுக்குக் கீழ்
எதையும் இது கண்டுகொள்ளாது என்று
சண்டைக்கு வரும் ஓட்டுநர்களிடம்
நானே சொல்வதுதான்.
உதிரிப்பழம் நிறுக்கும் தராசு சொன்னது:
இரண்டு கிலோ எழுநூறு.

குளுவாங்கில்
ஏர்கோன் பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில்
தியோ இரண்டு தகடு வைத்திருந்தார்.
அலுமினியம் இதில் மூன்றில் ஒரு பங்கு.
"சூட்டுக் கடல், மெல்லிய உடுப்பு,
அதுவே போதும்" என்றவர்
"இடுப்பில் எவ்வளவு ஈயம்?" என்று கேட்டார்.
நான்கு கிலோ.
"அப்போ எஃகு எடு.
ஈயத்தில் பாதியைக் கழற்றிப் போடு."
நூற்றெண்பது வெள்ளி. மூலையில் கீறல்.
கீறலுக்குப் பத்து வெள்ளி குறைத்தேன்.

நாடா ஒரே துண்டு, மூன்றரை மீட்டர்.
நடுப்பகுதி தகட்டின் பின்னால் நிற்க
இரண்டு முனையும் தோள் ஏறி, நெஞ்சு இறங்கி,
விலாவுக்குக் கீழே மறுபடி துளை புகுந்து
இடுப்புப் பட்டையாக வெளியே வரும்.
கோத்தேன்.
இறுக்கினேன்.

எனக்குத் தெரிந்த இறுக்கம் அது ஒன்றுதான்.
எடைமேடைக்கு வருமுன் ஆறு வருஷம்
பதினெட்டு லிட்டர் மருந்துப் பம்பு.
பட்டை தளர்ந்தால் பம்பு ஆடும்,
ஆடினால் மூடி கசியும்,
கசிந்தால் ராத்திரி குப்புறப் படுக்கணும்.
மூச்சு முட்டக் கட்டிக்கொண்டுதான்
செம்பனை நிரைக்குள் போவோம்.
வலது தோள் இறங்கியது அப்போது.

கிளினிக் சீருடையோடு நோர்லைலா வந்தாள்.
சனிக்கிழமை என்னோடு இறங்குகிறவள்.
பட்டைக்கடியில் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தாள்,
நுழையவில்லை.
"கழற்று, பார்ப்போம்."
இடுப்புக் கொக்கியைத் திறந்தும்
ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ள
மோட்டார் நிறுத்துமிடத்தில்
பிடிபட்ட கோழிபோல் சுற்றினேன்.
முத்தையா லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"தண்ணிக்குள்ள இது தொங்காது, லீலா.
உன் மேல படுத்திருக்கும். அவ்வளவுதான்."

மறுபடி முதலிலிருந்து.
கைகளை மார்பில் குறுக்கே வைத்து
கட்டைவிரல் படும் இடத்தில் வளையம்.
சைக்கிள் டியூபை நறுக்கி
டார்ச்சுக்கு இரண்டு ரப்பர் பட்டி.
கொக்கி நடுவில் வேண்டாம், கொஞ்சம் வலப்பக்கம்,
கால்நடுவே வரும் பட்டை நடுவைக் கேட்கும்.
"இதென்னடி, கோவணமா?" என்றாள் குணவதி,
தேநீர்க் குவளையோடு எட்டிப் பார்த்து.
கோவணமேதான்.
அது இல்லாவிட்டால் தகடு காதுக்கு ஏறிவிடும்,
சிலிண்டர் பின்மண்டையில் இடிக்கும்.

இறங்கிய தோளுக்கு வலது பட்டையை
ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்தேன்.
கண்ணாடியில் அழகாக உட்கார்ந்தது.

பிறகு நோர்லைலாவின் சிலிண்டரை மாட்டி
கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்
காற்றின் திருகைத் தொடச் சொன்னாள்.
திருகு வலப்பக்கம்.
இடக்கை என்றால் எட்டிப் பிடித்திருக்கும்.
வலக்கைக்கு ஒரு விரற்கடை போதவில்லை.
பம்பு சுமந்த காலத்தில்
பின்னால் எதையும் தொட வேண்டி வந்ததில்லை,
எல்லாம் முன்னால் நீட்டிய கோலில்.

குறைத்ததை விட்டுக் கொடுத்தேன்.
இன்னொரு சென்டிமீட்டர்.
கண்ணாடியில் இப்போது கோணல்.
நடுவிரல் நுனி
உலோகத்தின் குளிர்ச்சியைத் தொட்டது.
திருப்ப முடியுமா என்றாள்.
முக்கால் சுற்று, என்றேன்.
மீதிக்குத் தோளைக் கொஞ்சம் சபிக்க வேண்டியிருந்தது.

இடுப்பில் ஒரு முழம் நாடா மிச்சம்.
லைட்டர் மேசையில் இருக்கிறது,
வெட்டிய முனையைத் தீய்க்க.
வெட்டவில்லை.
மெர்சிங்கில் ஆறரைக்குப் படகு,
நனைந்த நாடா
என்ன நீளம் கேட்கிறதோ பார்க்கலாம்.

ஹாரன்.
சிலிண்டரை மட்டும் கழற்றிவிட்டு
அப்படியே ஓடி உட்கார்ந்தேன்.
தகடு நாற்காலியில் மோதியது.
வண்டி எண் கேட்டேன்,
ஓட்டுநர் என் தோளையே பார்த்துக்கொண்டு
இரண்டு முறை தப்பாகச் சொன்னார்.