ஒற்றைப்படை

எங்கள் ரூஸே நகரில் செத்தவர்களைச் சுவரில் ஒட்டுவார்கள்.
புகைப்படம், பெயர், வயது,
கீழே பொடி எழுத்தில் குடும்பத்தின் கண்ணீர்.
கதவில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில்.
மழை பெய்தால் மை இறங்கி
ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே மீசை.

அப்படி ஒரு நிறுத்தத்தில்தான் அவனைப் பார்த்தேன்.
பேருந்து வந்து போனது. அவன் ஏறவில்லை.
அச்சுப்பிழை பார்ப்பவன் போல ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தான்.
"'எதிர்பாராமல்' என்று போட்டிருக்கிறார்கள்" என்றேன்.
"நான் மூன்று வாரம் எதிர்பார்த்தேன்."
அவன் சிரிக்கவில்லை. பக்கத்துத் தாளைக் காட்டினான்.
"இது என்னுடையது. மாடிப்படி."
காது மடலில் சவரத்துக்குத் தப்பிய ஒரு முடி.
அதில்தான் விழுந்தேன்.

பெயர் ஸ்த்ராவ்கோ. ஆரோக்கியம் என்று அர்த்தம்.
பாவம், அவன் அம்மா.

ஞாயிறன்று கார்னேஷன் பூக்களோடு வந்தான். ஆறு.
இங்கே உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை,
பிணத்துக்குத்தான் இரட்டைப்படை. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.
நான் எண்ணினேன். அவனும் எண்ணினான். கழுத்துவரை சிவந்தான்.
"பழக்கதோஷம்."
ஒன்றை உருவி அவன் கோட்டில் குத்தினேன்.
எனக்கு ஐந்து, உனக்கு ஒன்று.
இப்போதைக்கு இருவரும் பிழைத்தோம்.

அக்டோபரில் உறை வந்தது.
ஜாம் பாட்டில் தொழிற்சாலை போஷில் அனுப்பியது.
(அவருக்காக நாங்கள் செய்தவை எங்களுக்கும் தெரியும் என்பது
அவருக்குத் தூக்கம் கெடுத்திருக்க வேண்டும்.)
பாதிப் பணம் முன்னால். உள்ளே படம்:
ஸ்த்ராவ்கோ, நான் பின்னிய மஃப்ளரோடு.

அன்றிரவு என் சூப்பை அவன் தொடவில்லை.
அவன் கொண்டுவந்த ஒயினை நானும்.
மாவு டப்பாவில் என் உறை, அவன் பூட்ஸில் அவனுடையது.
மாற்றிக்கொண்டோம், மோதிரம் மாற்றுவது போல.
என் விலை இருநூறு லெவா குறைவு.
அதற்குத்தான் அழுதேன், விடியும்வரை.

இரண்டு முன்பணத்தையும் சேர்த்து வாஷிங் மெஷின் வாங்கினோம்.
கறைக்குத் தனிப் பொத்தான் உண்டா என்று கேட்டான்.
எந்தக் கறை என்றாள் விற்கிறவள்.
பீட்ரூட் என்றேன்.

போஷிலுக்கு வாய்தா மேல் வாய்தா.
அவனுக்குச் சளி, எனக்கு ஒட்டிக்கொள்ளும்.
டான்யூபில் வெள்ளம்.
அவளுக்குப் பெயர்நாள், வீடு நிறைய ஆட்கள்.
துப்பாக்கி சர்வீசுக்குப் போயிருக்கிறது.
ஆறு வருடம்.
பொறுமையான மனிதர். கடைசியில்
பல் மருத்துவரின் நாற்காலியில்,
யாருடைய உதவியும் இல்லாமல்,
தானே செத்தார்.

அடக்கத்துக்குப் போனோம்.
ஸ்த்ராவ்கோ பெட்டியையே பார்த்து நின்றான்,
மரம் தானாக நாற்காலி ஆனதைத் தச்சன் பார்ப்பது போல.
பிறகு தேம்பி அழுதான்.
"ரொம்ப நெருக்கமோ?" என்றாள் விதவை.
"எங்களைச் சேர்த்து வைத்தவர்" என்றேன்.
சர்க்கரை தூவிய அவித்த கோதுமை கொடுத்தார்கள்.
இருவரும் ஒரே நேரத்தில் முகர்ந்தோம்.
பிறகு அவன் கரண்டியில் நான் சாப்பிட்டேன்.

ஒருவரை ஒருவர் கொல்ல
இப்போது யாரும் பணம் தருவதில்லை.
செய்தால் இலவசமாகத்தான் செய்ய வேண்டும்,
மற்றத் தம்பதிகளைப் போல.

இரவில் குறட்டை விடுவான். நடுவில் நிற்கும்.
இருட்டில் எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன்.
இரட்டைப்படையில் நின்றால்
விலாவில் ஓர் உதை.
"ம்ம்?" என்று
ஒன்று கூடும்.